திங்கட்கிழமைத் துரை

அண்ணை எனக்குச் சொந்தக்காரர் இல்லை. அவர் மன்னாரில் பிறந்த கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்குக் கருவாடு வாங்க வந்து வந்து பழக்கமானவர். அப்போது நான் புறநகரான சார்செலில் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எழும்புவதற்கு முன்னால் பாயைச் சுருட்டிவிட வேண்டும். இதைக் கதையோடு கதையாக ஒருநாள் சொன்னபோது, "என்ரை அறைக்கு வாவன் தம்பி. சின்ன அறைதான். நான் குறட்டை விடுவன், அது ஒண்டுதான் பிரச்சினை" என்றார்.

அறை ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடி. சன்னலுக்குக் கீழே இரும்புப் பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடும். அது ஓடும்போது தட்டில் இருக்கும் கோப்பைகள் நடுங்கும். நாங்கள் பேச்சை நிறுத்தி, அது போனபின் விட்ட சொல்லிலிருந்து மறுபடி தொடங்குவோம்.

அண்ணை ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினார். ஊரில் அவருக்கு மனைவி இருந்தார். கல்யாணம் கட்டிச் சில மாதங்களிலேயே அண்ணை நாட்டைவிட்டு வெளிக்கிட வேண்டி வந்துவிட்டது. இங்கே பிரெஞ்சு வதிவிட அட்டையான கார்த் கிடைத்தபின் மனைவியைக் கூப்பிட முயன்றார். அறை சிறியது, இரண்டு பேர் இருக்கப் போதாது என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்.

"ரெண்டு பேர் இருக்கேலாதாம். நல்லகாலம், உன்னைப் பற்றி நான் வாய் திறக்கேல்லை" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சன்னலைத் திறந்துவைத்துக் கனநேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் புத்தகம் அவருடைய உணவகத்திலிருந்துதான் வந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் கதிரையில் விட்டுவிட்டுப் போன ஆங்கில நாவல். தேடி யாரும் வரவில்லை. குப்பையில் போடச் சொன்னார்களாம். அண்ணை மன்னாரில் பாதிரிமாரிடம் படித்தவர், அவருக்கு ஆங்கிலம் நன்றாக ஓடும். என் ஆங்கிலம் கடைப்பலகை வாசிக்க மட்டும் காணும்.

இரண்டு பேருக்கும் திங்கட்கிழமைதான் லீவு. திங்கள் காலையில் அவர் கட்டிலில் கிடந்தபடி அதை வாசிப்பார். திடீரென்று வயிறு குலுங்கும்.

"என்ன அண்ணை?"

"பொறு, சொல்லுறன்." சொல்ல வாய் எடுப்பார், மறுபடி சிரிப்பு வந்துவிடும். பகிடியைச் சொல்வதற்கு முதலே முழுவதையும் சிரித்து முடித்துவிடுவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கடைசியாகச் சொல்லும்போது அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் சிரித்த சிரிப்பை நினைத்து எனக்குச் சிரிப்பு வரும்.

கதை இதுதான் என்று அவர் ஒருநாள் விளக்கினார். "ஒரு பெரிய இடத்துப் பெடியன். துரை. ஒரு வேலையும் தெரியாது. காலமை எந்த உடுப்பு, எந்தச் சேட் போடுறதெண்டே தெரியாது. அவனிட்டை ஒரு ஆள் இருக்கிறான். அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டான்."

"வேலைக்காரனோ?"

"வேலைக்காரன் எண்டு சொல்லேலாது. உடுப்பு எடுத்துக் குடுக்கிறது, தேத்தண்ணி கொண்டுவாறது, துரை மாட்டுப்பட்ட இடத்திலையிருந்து இழுத்து எடுக்கிறது. வலே எண்டு பிரெஞ்சிலை சொல்லுவினம். இஞ்சத்தைச் சீட்டுக்கட்டிலை ஜாக்குக்கும் அதுதான் பேர். முன்னூற்றிநாலு விளையாடுற எங்களுக்குத் தெரியும்தானே, ராசாவை விட அவன்தான் பெரிய தாள்."

விளையாட்டைத் தொடங்கியவரும் அவர்தான். ஒரு மாரிகாலத் திங்கள், நான் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். அண்ணை வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு கதவு மெதுவாகத் தட்டுப்பட்டது. திறந்துகொண்டு வந்தவரின் இடது கையில் மடித்த சமையல் துவாய், வலது கையில் சட்டிமூடி, அதன்மேல் தேத்தண்ணி.

"ஐயா, வெளியிலை மழை. ஐயா இண்டைக்கு எழும்பாமல் விடுறது நல்லமெண்டு எனக்குப் படுகுது" என்றார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

அன்று முதல் ஒரு திங்கள் நான் துரை, அடுத்த திங்கள் அவர் துரை. வலே வெளியே போய்க் கதவைத் தட்ட வேண்டும். உத்தரவு கிடைத்தபின்தான் வரலாம். என்ன நடந்தாலும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அந்தக் கிழமை முழுக்கச் சட்டி பானை கழுவ வேண்டும். நான் எல்லா முறையும் சிரித்துத் தோற்றேன். அவர் ஒருதரமும் சிரித்ததில்லை. நான் லா சப்பலில் மலிவு விலைக்கு வாங்கிய ஊதாச் சேட்டைப் போட்டபோது, அவர் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தச் சேட்டோட ஐயா வெளியிலை போறதெண்டால், நான் மன்னாருக்குத் திரும்பிப் போறதைப் பற்றி யோசிக்க வேண்டி வரும்."

நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கழுவியும் தூக்கியும் கொடுக்கிற இரண்டு பேர், கிடைக்கிற ஒரேயொரு லீவு நாளில் இப்படி ஒருவரையொருவர் ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அது பல வருசம் ஓடியது.

பிறகு அண்ணை உணவகத்தில் கோப்பைகளைத் தவறவிடத் தொடங்கினார். முதலில் களைப்பு என்றார். பிறகு கை விறைக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். மூளையிலிருந்து தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வருத்தம் என்று டாக்டர் சொன்னார். மெதுவாக்கலாம், மாற்ற முடியாது. அண்ணை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ரொந்தேவுக்கு டாக்டரிடம் வரவேண்டிய நாளையும் குறித்து வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது மெத்ரோவில், "கை முதலோ நாக்கு முதலோ எண்டு கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கைதான் முதலில் போனது.

ஒரு வியாழக்கிழமை காலை. நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணை எனக்கு முதுகைக் காட்டி சன்னலைப் பார்த்து நின்றார். அவருடைய முழங்கை ஆடிக்கொண்டே இருந்தது. கழுத்துப் பொத்தானைப் போட முயல்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்சநேரம் எடுத்தது. போய்ப் போட்டுவிடலாம். ஆனால் என்னைவிட மூத்த ஒரு ஆம்பிளையிடம் போய், விடுங்கோ நான் போட்டு விடுறன் என்று எப்படிச் சொல்வது? சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணை திரும்பி வந்து கட்டிலில் இருந்தார். சேட் திறந்தபடி கிடந்தது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த வீட்டிலை வேலைக்கு ஒரு ஆள் இருந்தவன். எங்கை போயிட்டான்?"

"இண்டைக்கு வியாழன், அண்ணை."

"எனக்குத் தெரியும்."

நான் துவாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். படிக்கட்டில் வெங்காயம் வதங்குகிற மணம் வந்தது. மூச்சு சீரான பிறகு கதவைத் தட்டினேன்.

"வரலாம்" என்றார்.

"ஐயாவுக்கு நீலச் சேட் எடுத்துத் தரட்டோ?"

"நீலம் நேற்றுப் போட்டது."

"மெய்தான் ஐயா. நான் கவனிக்கேல்லை. மன்னிக்க வேணும்."

குனிந்து நின்று ஒவ்வொரு பொத்தானாகப் போட்டேன். கழுத்துக்கு வந்தபோது அவருடைய மூச்சு என் நெற்றியில் பட்டது. வலேயாக இருந்து நான் சிரிக்காதது அன்றுதான் முதல்தரம்.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் எல்லா நாளும் திங்கட்கிழமைதான். துரையும் எப்போதும் அவர்தான்.

கடைக்குப் போவதற்கு முன்னாலும் வந்தபிறகும் நான் செய்தேன். நடுவில் நேர்ஸ் வந்து போவார். முகம் மழிப்பது, குளிக்க வார்ப்பது, சோறு பிசைந்து ஊட்டுவது எல்லாவற்றுக்கும் முன்னால் கதவைத் தட்டினேன். முதன்முதலில் அவரை மலசலகூடத்துக்குக் கொண்டுபோய் இருத்தவேண்டி வந்த நாளில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார்: "வீட்டு விசயத்தை வெளியிலை கதைக்கிற ஆளை நான் வேலைக்கு வைச்சிருக்க மாட்டன்."

"எனக்கு முந்தி வாய்ச்ச துரைமாரும் இதைத்தான் சொன்னவை, ஐயா. என்ரை வாய் பூட்டு."

"அவை நல்ல ஆக்களோ?"

"ஐயா அளவுக்கு இல்லை. ஒருத்தருக்கும் குறட்டை இவ்வளவு திறமாய் வராது."

அவர் கண்ணைத் திறந்தார். அன்றைய வேலை அதற்குப் பிறகு லேசாக முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மன்னாரிலிருந்து மனைவி வீடியோவில் எடுப்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அழைப்பு வருவதற்கு முன்னால் அண்ணைக்கு நல்ல சேட் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டி, முகம் மட்டும் தெரிகிறமாதிரி போனைப் பிடிப்பேன். கையில் சின்ன நோவு என்றுதான் அக்காவுக்குச் சொல்லியிருந்தார். ஆனால் நாக்கும் தடிக்கத் தொடங்கிவிட்டது.

"ஏன் கதை குழறுது? குடிச்சிருக்கிறியளோ?" என்று அக்கா கேட்டார்.

வாழ்நாளில் ஒரு சொட்டும் குடியாதவர், "ஓம், கொஞ்சம்" என்றார்.

அக்கா கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். அண்ணை கழுத்துப்பட்டியைக் கழற்றச் சொன்னார். அடுத்த கிழமை, அவருடைய சம்மதத்தோடு, நான்தான் அக்காவுக்கு உண்மையைச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் அழுகைச் சத்தம் வரவில்லை. "சாப்பிடுறாரோ?" என்று மட்டும் கேட்டார்.

மாரி முடிகிற நேரத்தில் ஒரு திங்கட்கிழமை. அண்ணை சக்கரக் கதிரையில் இருந்தார். அவர் சொல்வது அப்போது எனக்கு மட்டும்தான் விளங்கும்.

"இண்டைக்கு நீ படு" என்றார்.

"என்னத்துக்கு?"

"நீ துரை."

நான் கட்டிலில் படுத்தேன். அவர் கண்ணால் துவாயைக் காட்டினார். எழும்பிப் போய் அதை மடித்து அவருடைய இடது கையில் போட்டுவிட்டு மறுபடி வந்து படுத்தேன். வெளியே போய்க் கதவைத் தட்ட அவரால் முடியாது. தொண்டையைச் செருமினார். அதைத்தான் தட்டுகிற சத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

"வரலாம்" என்றேன்.

"ஐயா. தேத்தண்ணி."

தேத்தண்ணி இல்லை. போட்டுத்தர யாரும் இல்லை. நான் கையை நீட்டி, இல்லாத கோப்பையை வாங்கி, ஒரு வாய் குடித்தேன்.

"சீனி காணாது" என்றேன்.

அண்ணையின் முகம் கோணியது. சிரிப்பு வந்தது. வலேயாக இருந்து அவர் சிரித்து நான் கண்டதில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் நான் நிறுத்தியபிறகும் அவருடைய சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்கியது, மூச்சு இழுத்தது, கண்ணால் தண்ணீர் ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறி, திரும்பவும் சிரிப்பானது. கட்டிலைவிட்டுப் பாய்ந்து வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய கண்கள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் நேர்ஸிடம் கேட்டேன். இந்த வருத்தத்தில் சிலருக்கு அப்படி வரும் என்றார். சிரிப்பும் அழுகையும் காரணமில்லாமல் தாமாக வரும்; அவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது; மனதில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் அந்த நாவலை எடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி அவருக்கு வாசித்தேன். உச்சரிப்புப் பிழைத்தால் புருவத்தை உயர்த்துவார். சில இடங்களில் சிரிப்பார். அது பகிடிக்காகவா, என் உச்சரிப்புக்காகவா, வருத்தத்தாலா என்று எனக்குத் தெரியாது. மெத்ரோ போகும்போதும் சிரித்தார். அண்ணையைப் பார்த்துப்போக அக்காவுக்குக் கொஞ்சநாள் விசா கிடைத்துவிட்டது என்று நான் சொன்னபோதும் மூச்சுத் திணறுமளவுக்குச் சிரித்தார். அந்த ஒன்றை மட்டும் உண்மைச் சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவை விமான நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி அறைக்கு நடந்து வந்தோம். ஐந்து மாடியும் ஏறிக் கதவடியில் நின்று, தலைமயிரை ஒதுக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். உள்ளே போனதும் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்து, அண்ணையின் இரண்டு கால்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.

அறையில் மூன்று பேருக்கு இடமில்லை. நான் சார்செலுக்குப் போய் அந்தப் பழைய குடும்பத்திடமே பாய் கேட்டேன். அடுத்த திங்கள் அண்ணையைப் பார்க்க வந்தேன். பழக்கத்தில் கதவைத் தட்டிவிட்டு உத்தரவுக்காக நின்றேன்.

"ஆர்? திறந்துதான் கிடக்கு, வாங்கோ" என்றது அக்காவின் குரல்.

அண்ணைக்குப் பேச்சு முற்றாக நின்றிருந்தது. கண் மட்டும் என்னைக் கண்டதும் விரிந்தது. அக்கா அவருக்குப் புரையேறாமல் இருக்கத் தேத்தண்ணியைக் கட்டியாக்கிக் கரண்டியால் பருக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கண் காத்துக்கொண்டிருந்தது. துவாயை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு கோப்பைக்குக் கை நீட்டினேன்.

"ஐயா, சூடு பதமாயிருக்கோ?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஐயாவோ?" என்றார். பிறகு எழும்பி, என் கையில் கிடந்த துவாயை மெதுவாக எடுத்தார். "தம்பி, நீங்கள் இவ்வளவு காலமும் செய்தது காணும். இனி நீங்கள் இவருக்கு வேலை செய்ய வேண்டாம். நான் வந்திட்டன்தானே. இதிலை இருங்கோ." சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்துவிட்டார்.

"அது எங்கடை ஒரு விளையாட்டு, அக்கா."

"இது விளையாடுற நேரமோ தம்பி" என்றார். அதில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

நான் விருந்தாளி மாதிரிக் கதிரையில் இருந்தேன். அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பதறி அவருடைய வாயையும் கண்ணையும் துடைத்தார். அதன்பின் போன நாட்களில் நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். கடையில் நடந்த புதினங்களைச் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்ப்பார். பிறகு பார்வையை சன்னல் பக்கம் கொண்டுபோய்விடுவார்.

நெஞ்சில் சளி கட்டி அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு காலை, நான் கடையில் கீரைக்கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணை இறந்துவிட்டார் என்று அக்காவின் போன் வந்தது. அக்கா பக்கத்தில் செபமாலையோடு இருந்தாராம். வேதனைப்படவில்லை என்றார்.

அவருக்கு உடுத்த அக்கா மன்னாரிலிருந்து ஒரு வெள்ளைச் சேட் கொண்டுவந்திருந்தார். நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது இருந்த உடம்பை நினைத்து வாங்கியது. அது அவரைச் சுற்றித் தளர்ந்து கிடந்தது. உடுத்துகிற இடத்தில் எங்களையும் உள்ளே விட்டார்கள். அங்கே வேலை செய்பவர் பொத்தானில் கை வைத்தபோது, நான் போடலாமா என்று பிரெஞ்சில் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார்.

கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வந்தேன். சேட் பெரிதாக இருந்ததால் கழுத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. அதை உள்ளுக்குத் தள்ளி நேராக்கினேன்.

"தம்பி" என்றார் அக்கா. "அண்டைக்கு நீங்கள் இவரை ஒரு மாதிரிக் கூப்பிட்டியளே. இவர் உங்களை அப்பிடிப் பார்த்தது அதுக்குத்தானோ?"

"ஓம்."

"கூப்பிடுங்கோ."

இரண்டுதரம் தொடங்கி நிறுத்தினேன். பிறகு, "ஐயா, சேட் சரியாய் இருக்கு" என்றேன். அக்கா அதுவரை அழாமல் இருந்தவர். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார்.

புறநகரில் ஒரு கத்தோலிக்கச் சவக்காலையில் அடக்கம் செய்தோம். தமிழில் செபம் சொன்னார்கள். எனக்கு அந்தச் செபங்கள் தெரியாது, பின்வரிசையில் நின்றேன். வந்தவர்கள் அக்காவிடம் துக்கம் சொன்னார்கள். எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதில் அவர்கள் பிழை ஒன்றும் இல்லை. நான் என்ன முறை என்று அவர்களுக்குத் தெரியாது.

விசா முடிந்து அக்கா திரும்பிப் போன நாளில் விமான நிலையம் வரை கூடப் போனேன். உள்ளே போகிற வரிசை தொடங்கும் இடத்தில் நின்று சொன்னார்: "கலியாணம் கட்டி நான் இவரோட இருந்தது முந்தி அந்தக் கொஞ்ச மாதமும், இப்ப இந்தக் கொஞ்சக் கிழமையும்தான் தம்பி. மிச்சம் முழுக்க உங்களிட்டை இருக்கு. நான் கோவத்திலை சொல்லேல்லை."

"தெரியும் அக்கா."

"இனிப் போனிலை எடுத்தால் ஒவ்வொண்டாச் சொல்லுவியளோ? என்ன சாப்பிட்டவர், எங்கை போறவர், அதுகளை."

"சொல்லுவன்."

அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். வரிசை வளைகிற இடத்தில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

ரயில் ஏறி லா சப்பலுக்கு வந்தேன். அன்று எனக்கு வேலை நாள். முதலாளி, "அக்கா போயிட்டாவோ?" என்றார். ஓம் என்றுவிட்டு ஏப்ரனைக் கட்டினேன். ஒரு வயதான பெண் முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இது பிஞ்சோ?" என்று கேட்டார். வாங்கி வளைத்துப் பார்த்து, "ஓம் அம்மா, பிஞ்சு. இண்டைக்குத்தான் வந்தது" என்று சொல்ல நினைத்தேன். முருங்கைக்காயை வளைத்துக்கொண்டே நின்றேன். அந்த அம்மா பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றார். முதலாளி வந்து என் கையிலிருந்த முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு, பின்பக்கத்துக் குளிர் அறையைக் கண்ணால் காட்டினார்.

அங்கே வாழையிலைப் பெட்டி ஒன்றின்மேல் இருந்து அழுதேன். குளிரில் அழுதால் கண்ணீர் சீக்கிரம் ஆறிவிடுகிறது. கைகள் விறைத்தபிறகு எழும்பி முகத்தைத் துடைத்தேன். வெளியே ஆட்கள் நின்றார்கள். போய்த் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.